பிறம்ரன் மைதானத்தில் கீரனின் மாவட்டம்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம். நான் யாழ்ப்பாணத்தில் உடற்கல்வி ஆசிரியன். லீவில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலுள்ள தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். வான் வண்டியை ஓட்டியவர் தங்கையின் கணவர் சிவநேசன்; புதுக் கட்டடங்களில் மின்வேலை செய்பவர். 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் போனால் பிறம்ரன்.

"என்னோட வேலை செய்யிற கீரன் இண்டைக்கு விளையாடுறான். நீங்களும் பெடியளுக்குப் பந்து பழக்கிற ஆள்தானே மச்சான், வந்து பாருங்கோ" என்றார்.

"கீரன் எந்த ஊர்?"

"அயர்லாந்து." சிரித்தார். "நானும் பேரைக் கேட்டிட்டு முதல்நாள் தமிழிலைதான் கதைச்சனான்."

10.50. நீள நீளமான பண்டகசாலைகளைத் தாண்டி மைதானத்துக்கு வந்தோம். வழியில் வாங்கிய இரண்டு டொலர்க் கோப்பி இன்னும் சூடாக இருந்தது. அங்கே ஆடுவது அயர்லாந்துக்காரரின் கேலிக் உதைபந்தாட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். வலைக்குள் போனால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒன்று.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. எட்டுப் பேர் ஒரு காரின் முன்பக்கத்தைச் சூழ்ந்து, அதில் சாய்த்து வைத்திருந்த கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அயர்லாந்தில் அப்போது மாலை நான்கு மணியாகப் போகிறது. கீரனின் மாவட்ட அணி ஆடிக்கொண்டிருந்தது. பதினான்கு புள்ளி பின்னால்.

கீரன் தச்சுவேலை செய்பவர், இருபத்தேழு வயது, நெடிய உருவம். இதை எழுதலாமா என்றதற்கு, மாவட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "அணித்தலைவன் என் தம்பி ஓவன். இன்றைக்கு அவனுக்கு இது போதும்."

திரையில் முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், ஓர் இளைஞனைத் துரத்த முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்றிருந்தவரை ஆளில்லாமல் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"போட்டி போடக்கூடிய ஆட்கள் ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

கீரன் சுற்றி நின்றவர்களைக் காட்டினார். "இவன் எங்கள் கோல்காப்பாளன். அவன் நடுக்களம். அந்த இரண்டு பேரும் தடுப்பு. நான் முன்களம்." காரைச் சூழ்ந்து நின்ற எட்டுப் பேரும் மூன்று வருடங்களுக்கு முன் அந்த மாவட்டத்துக்கு ஆடியவர்கள். ஊரில் வேலை குறைவு, வாடகைக்கு வீடும் கிடைப்பதில்லை. மாவட்டத்துக்கு ஆடச் சம்பளமும் இல்லை. தலைநகரில் வேலை கிடைத்தவர்கள் பயிற்சிக்காக வாரத்தில் நாலு நாள், போகவர ஐந்து மணித்தியாலம் கார் ஓட வேண்டும். ஒரு பருவம் செய்வார்கள், அடுத்த பருவம் நின்றுவிடுவார்கள்.

11.35க்கு ஆட்டம் முடிந்தது. பத்தொன்பது புள்ளியால் தோல்வி. கொஞ்ச நேரத்தில் ஓவனே அழைத்தார். கீரன் தொலைபேசியுடன் தூரத்துக் கோல்கம்பம் வரை நடந்தார். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"தம்பி அழுதானா?" என்று சிவநேசன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. அவனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. செப்டம்பரில் வருகிறான். என் வீட்டில் அறை இருக்கிறதா என்று கேட்டான்."

பின்னால் நின்ற கோல்காப்பாளன், "அப்போ வருகிற வருடம் இங்கே நாங்கள்தான் சாம்பியன்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வராதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றார் கீரன். "அதை நான் எப்படிச் சொல்வது? அறை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்."

அணியின் மற்றவர்களும் வந்து சேர, பன்னிரண்டு மணிக்கு அவர்களின் ஆட்டம் தொடங்கியது. கீரன் ஏழு தடவை பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பினார். அவருடைய அணி வென்றது. வென்ற பிறகு கைகொடுத்தார்கள், காலணியைக் கழற்றினார்கள், போனார்கள். இரண்டே காலுக்கு நாங்களும் புறப்பட்டோம்.

மறுநாள், மல்வேர்னுக்குப் பக்கத்திலுள்ள மோர்னிங்சைட்டில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் என் பாடசாலை அணிக்கு ஆடி, ஒருவர் பின் ஒருவராக இங்கே வந்து சேர்ந்தவர்கள். சோறு போட்டுக்கொண்டே ஒருவன் கேட்டான்:

"சேர், ஊரிலை பள்ளிக்கூடங்களின்ரை பழைய மாணவர் ஆடுற மச்சிலை எங்கட பள்ளிக்கூடத்து ஆக்கள் ஏன் ஒவ்வொரு வருஷமும் தோக்கினம்?"

ஊரில் இருந்திருந்தால் அந்த அணியில் ஆடியிருக்கக்கூடிய மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பயிற்சி காணாதடா" என்றேன்.