ஜன்னலக்கா வீட்டுத் தொண்ணூற்றெட்டு அங்குலம்

அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவர நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் வாசலில் நின்று, "மெல்ல, மெல்ல! முனை இடிக்குது பாரு! உள்ள கண்ணாடிப்பா, கண்ணாடி!" என்று கையை வீசிக்கொண்டிருந்தார். அவர்தான் வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்று பெயர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். யார் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருப்பது மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை.

ஜன்னலோரம் தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, கால் மிதிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது? கட்டிலா?"

"கட்டிலாம்! டிவி, டிவி. தொண்ணூத்தெட்டு இன்ச். இந்தத் தெருவுலயே கிடையாது. தெரு என்ன தெரு, சகலை வீட்டுலயே எண்பத்தஞ்சுதான்!"

கடைசியில் சொன்னதுதான் காரணம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சகலை என்றால் அவள் தங்கையின் கணவர். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய எண்பத்தைந்து அங்குலத்தின் முன்னால் உட்கார்ந்து வந்த நாளிலிருந்து மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். இரண்டு ஜோடிக் கண்களுக்குத் தொண்ணூற்றெட்டு அங்குலம்! அதில் ஒரு ஜோடிக்கு ஊசியில் நூல் கோக்கவே நேரம் போதவில்லை.

அந்த ஜோடிக் கண்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

பத்தொன்பது வயதில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கச் சேர்ந்தவள் அவள். ஜன்னலே இல்லாத கூடம். காலையில் நுழைந்தால் மாலையில் வெளியே வரும்வரை டியூப்லைட்தான் சூரியன். நான்கே வருடத்தில் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. கல்யாணமாகி வீடு தேடியபோது, கணவர் ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்து பார்த்தார். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இந்த வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் முகத்தில் அடிக்காது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சீரான வெளிச்சம். "இதுவே போதுங்க" என்று அன்றைக்குச் சொன்னவள், இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஜன்னல் கம்பி வழியாகவே துணியை நீட்டுவார்கள், ஜன்னல் கம்பி வழியாகவே தைத்ததை வாங்கிக்கொள்வார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஜன்னலக்கா.

இருபத்திரண்டு வருட உழைப்புக்கு இப்போதுதான் ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ், நர்ஸ்கள் அறுபது பேருக்கும் புதுச் சீருடை தைக்க அவளைக் கேட்டிருந்தார். கருநீலத் துணி. வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அறுபதும் அவளுக்கு. பெட்டி வந்து இறங்கியது அந்த வாரத்துத் திங்கட்கிழமை.

மதியம் டிவியைச் சுவரில் மாட்டுகிற ஆள் வந்தான். பெட்டியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"சார், இது டிவியா, இல்ல பஸ்ஸோட பக்கத் தகட்டைக் கழட்டிட்டு வந்துட்டாங்களா?"

"வேலையைப் பாருய்யா. இந்தச் சுவர்தான். மூலையிலேர்ந்து சமையலறை வாசல்வரைக்கும் எண்பத்தெட்டு இன்ச். டிவி அகலம் எண்பத்தாறு. ஜம்முனு உக்காரும்."

"தொண்ணூத்தெட்டுன்னாங்களே?"

"அது மூலைக்கு மூலை. இது கூடத் தெரியாம மாட்ட வந்துட்ட!"

அவன் தன் இரும்பு டேப்பை இழுத்தான். ஒரு முறை அளந்தான். மறுபடி அளந்தான்.

"சார், எண்பத்திநாலுதான் இருக்கு. ரெண்டு இன்ச் வாசலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அம்மா சமையலறைக்குள்ள போறப்ப தோளை ஒடுக்கிட்டுப் போகணும்."

"என்கிட்டயே அளவு சொல்றியா? முப்பது வருஷமா ரீடிங் எடுக்கிறேன்! ஒரு நம்பர் தப்பினது கிடையாது! நானே என் கையால அளந்தேன், எண்பத்தெட்டு!"

"எதுல அளந்தீங்க?"

மீட்டர்காரர் விறுவிறுவென்று போய், மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கிய மஞ்சள் டேப்பை எடுத்து வந்து அவன் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே ஏனோ அழுகையும் வந்தது.

அது அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய டேப். என்றோ அதன் இரும்பு நுனி கழன்றுவிட்டது. முனை நைந்து நைந்து போனதால் முதல் இரண்டு அங்குலத்தை அவளே கத்தரித்துப் போட்டாள். அன்று முதல் அந்த டேப் இரண்டில்தான் தொடங்கும். அவள் கைக்கு அது பழக்கம். எந்த அளவிலும் இரண்டைத் தானாகவே கழித்துவிடும். மீட்டர்காரரோ, அவள் பட்டன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்து, நீளம் எட்டாததால் சுவரில் அடுத்தடுத்து இரண்டு முறை வைத்திருக்கிறார். முறைக்கு இரண்டாக, இல்லாத நான்கு அங்குலம் சுவரில் முளைத்துவிட்டது.

"என்னங்க, அது ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்குது" என்றாள் மெதுவாக.

டேப்பின் முனையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அதைச் சமாளிக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி.

"இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"வாங்கப்போறீங்கன்னு நீங்க சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்."

மாட்டுகிற ஆள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான்.

பிரித்த பெட்டியைக் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். எடுத்தாலும் இவர் கொடுக்க மாட்டார்; ஞாயிற்றுக்கிழமை சகலையைக் குடும்பத்தோடு வரச்சொல்லியாயிற்று. மானம் கப்பலேறிவிடும். மீட்டர்காரர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மீதி இருந்த ஒரே நீளச் சுவரில் அவர் பார்வை நின்றது.

அதில்தான் ஜன்னல் இருந்தது.

"வேண்டாங்க" என்றாள் அவள். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்காதவள், அன்று கேட்டாள். "உங்க கால்ல விழறேன். வெள்ளிக்கிழமை சாம்பிள் கொடுக்கணும். கருநீலமும் கறுப்பும் பகல் வெளிச்சத்துலதான் பிரிஞ்சு தெரியும். இது போனா என் கையே போன மாதிரிங்க."

"சும்மா நாடகம் போடாத. டியூப்லைட் எதுக்கு இருக்கு? அதுவும் பத்தலைன்னா டிவியைப் போட்டுக்கோ. நூறு கோடி கலர் காட்டுதாம்! உன் ஜன்னல் எத்தனை கலர் காட்டும்?"

ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் துளை போட்டு, குறுக்கே இரும்புச் சட்டம் மாட்டினான் அந்த ஆள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் படம் மங்கும் என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தி, மேலே பலகையும் அடித்தாயிற்று. ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சில் விழுவதுபோல் நின்றுகொண்டிருந்தாள் ஜன்னலக்கா. போகும்போது, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான் அவன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.

மிஷின் சமையலறை வாசல் பக்கம் நகர்ந்தது. அந்த அறைக்கு அகலம் ஒன்பதே அடி. சோபாவை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டும் படம் மூக்கில் இடித்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்குத் துவாரத்துக்குள் முழங்கைவரை விடலாம் போலிருந்தது. பந்தாட்டம் போட்டால், பந்து போகிற பக்கமெல்லாம் மீட்டர்காரர் தலையும் போய்ப் போய் வந்தது. மூன்றாம் நாள் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு, "ஆஹா, தியேட்டரே தோத்துச்சு போ" என்றார்.

அந்தச் சத்தத்தில், ஓயாமல் மாறுகிற அந்தப் பளபளப்பில், அவள் மாதிரிச் சீருடையைத் தைத்தாள். வலது கையைத் தைத்து முடித்ததும் நூல் தீர்ந்தது. டப்பாவிலிருந்து அடுத்த உருளையை எடுத்துக் கோத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைமை நர்ஸ் அவசரமாக வந்து, வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சகலையும் தங்கையும் வந்தார்கள். கூட்டில் அடைபட்ட புறாக்கள்போல் மூன்று பேரும் சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் கடலடி மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம்.

"எப்படி சகல?" என்றார் மீட்டர்காரர்.

"பெருசுதான், ஒத்துக்கிறேன். ஆனா மீன் முழுசாத் தெரியணும்னா நான் தெருவுல போய் நிக்கணும் போலிருக்கே. இங்கேர்ந்து வால் மட்டும்தான் தெரியுது."

"பொறாமை, பொறாமை! கலரைப் பாருங்க. நூறு கோடி கலர்!"

"அடுத்த மாசம் நூத்திப் பதினஞ்சு இன்ச் வருதாம் சகல, சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் சகலை, ஒன்றும் தெரியாதவர்போல.

மீட்டர்காரர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துவிட்டது.

தங்கை சமையலறை வாசலுக்கு வந்து, "அக்கா, உன் ஜன்னல் எங்கக்கா?" என்றாள். அக்கா டிவியைக் கண்ணால் காட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தலைமை நர்ஸ் வந்தார். கையில் அந்தச் சீருடை. முதலில் ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டிருக்கிறார். அது சாத்திக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வந்தவர் யாரையும் திட்டவில்லை. சீருடையை அவளிடம் விரித்துக் காட்டி, "ஜன்னலக்கா, நீங்களா தைச்சீங்க இதை?" என்று மட்டும் கேட்டார்.

வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். வலது கை கருநீல நூலில். இடது கை, காலர், பட்டன் பட்டி எல்லாம் கறுப்பு நூலில். கொடுப்பதற்கு முன் எதையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தே பழகியவள், இதை மட்டும் பார்க்கவில்லை. பிடித்துப் பார்க்க இடம்தான் ஏது? இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். டிவியையும், அதன் விளிம்புக்கு வெளியே எட்டிப்பார்த்த பலகையையும் பார்த்தார். நோயாளிகளையும் அவர்களுடைய சொந்தக்காரர்களையும் பார்த்துப் பார்த்துத் தேறிய கண். நேராகப் போய்ச் சீருடையைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சார், உங்க டிவி ரொம்ப நல்லா கலர் காட்டுதே. இந்த ரெண்டு கையும் என்ன நூல்னு சொல்லுங்க பாப்போம்."

மீட்டர்காரர் கண்ணை இடுக்கினார். மீன் வெளிச்சம் துணிமேல் பச்சையும் சிவப்புமாக ஓடியது. "இதுல என்ன இருக்கு? ரெண்டும் ஒரே நூல்தான்" என்றார்.

"கொஞ்சம் வெளிய வாங்க."

தெருவுக்கு வந்தார்கள். பின்னாலேயே சகலையும் வந்தார், வேடிக்கை பார்க்க. பகல் வெளிச்சத்தில், ஒரு கை நீலம், ஒரு கை கறுப்பு. கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும்.

"நூறு கோடியில ரெண்டு குறையுதே சகல" என்றார் சகலை.

தலைமை நர்ஸ் ஜன்னலக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, எனக்கு உங்க கையிலதான் தைக்கணும். எங்க ஹாஸ்டல்ல கீழ் ரூம் காலியாத்தான் கிடக்கு. மூணு ஜன்னல். மிஷினை அங்க கொண்டு வந்துடுங்க. இதைப் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்துட்டு அறுபதையும் ஆரம்பிங்க."

"அதெப்படி? அப்ப வீட்டை யாரு பாத்துக்கிறது?" என்று குறுக்கே விழுந்தார் மீட்டர்காரர்.

ஜன்னலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சரிங்க. நான் எங்கயும் போகல. அந்தப் பலகையை மட்டும் கழட்டிடுங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஒரு வார்த்தை போதும். அவர் திரும்பி உள்ளே திரையைப் பார்த்தார். பிறகு சகலையின் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த ரிமோட்டை உள்ளே நீட்டி, டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

அதுதான் பதில். அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் தள்ளுவண்டி வந்தது. மிஷின் ஏறியது, நூல் டப்பா ஏறியது. பின்கட்டில் சாத்தியிருந்த டிவியின் அட்டைப்பெட்டியையும் அவள் விடவில்லை. தடித்த அட்டை, தரையில் விரித்தால் அதன்மேல் மடிப்பில்லாமல் அறுபது சீருடைக்குத் துணி வெட்டலாம். அந்தப் பெரிய செலவில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்.

கடைசியாக ஆணியிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தபோது, சோபாவில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் பதறினார்.

"ஏய், அதை வெச்சிட்டுப் போ! நூத்திப் பதினஞ்சு வந்தா இடம் இருக்கான்னு பாக்கணும்."

அவள் டேப்பைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டாள்.

"இது கழிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தாங்க அளந்து காட்டும்" என்றாள்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே, அவள் வண்டிக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.