உறிஞ்சாத நல்லி

அமிர்தத்துக்குச் சந்தேகம் தட்டியது ஓர் எலும்பைப் பார்த்துத்தான்.

மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில் மொய்னுதீன் பாயின் பிரியாணிக் கடை இருக்கிறது. சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போய்ச் சாப்பிடுவது அவள் வீட்டு வழக்கம். அவள் கணவர் தங்கராசுவும் செல்வகுமாரும் ஒரே கான்ட்ராக்டில், நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்ப்பவர்கள். அதனால் இரண்டு குடும்பமும் சேர்ந்தே போகும். சுவரோரப் பெஞ்சில் ஆண்கள் இருவரும் உட்காருவார்கள். எதிரே அமிர்தமும் செல்வகுமாரின் மனைவி கலியம்மாளும். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போன பிறகும் இந்த வரிசை மாறவில்லை.

அமிர்தம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சம். கண்ணுக்கு மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது. கலியம்மாள் பேசிக்கொண்டே சாப்பிடுவாள், அமிர்தம் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். எந்த மேஜையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், எந்தப் பெண் மாமியாருக்கு எதிரில் கறியைச் சோற்றுக்கடியில் ஒளித்துத் தின்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் வீட்டு அடுப்பு பற்றாது. பச்சைப்பட்டை புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, யாரோ வடித்த சோற்றை யாரோ எடுத்து வைக்க, உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த ஒரு வேளையை நினைத்தே மற்ற நாட்களைத் தள்ளுகிறாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொன்னதில்லை.

தங்கராசு நல்லி சாப்பிடுகிற அழகைக் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். சுற்றியிருக்கிற கறியை முதலில் உரித்துத் தின்பார். எலும்பைத் தட்டின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுவார். உள்ளங்கையில் ஒரு தடவை கவிழ்ப்பார். பிறகு வாயில் வைத்து ஒரே இழுப்பு. உள்ளே இருக்கிற மஜ்ஜை மொத்தமும் போய்விடும். அவர் தட்டோரம் வைத்த எலும்பு, சோப்புப் போட்டுக் கழுவினது போலிருக்கும். பாய் அண்டாவைத் திறந்ததும், "தங்கராசு அண்ணனுக்கு" என்று ஒரு நல்லியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஊர்ப் பெரிய மனிதர் வந்தாலும் அதைக் கொடுக்கமாட்டார்.

அந்த ஞாயிறு கை கழுவ எழுந்தபோது அமிர்தம் அவர் தட்டைப் பார்த்தாள். நல்லி ஓரமாகக் கிடந்தது. பாதிக் கறி ஒட்டிக்கொண்டிருந்தது. துளைக்குள் மஜ்ஜை அப்படியே உறைந்து நின்றது. யாரோ ஒரு பக்கத்தை மட்டும் சப்பிவிட்டு விட்டிருக்கிறார்கள். யாரோதான், அவர் இல்லை.

பைக்கில் திரும்பும்போது காதோரம் குனிந்து கேட்டாள். "ஏங்க, நல்லிய அப்படியே வச்சிட்டீங்க?"

"பல்லு வலி."

சாயங்காலம் டீயோடு முறுக்கை வைத்தாள். மொறுமொறுவென்று தின்றார்.

அடுத்த மாதம் அவள் தயாராகப் போனாள். சாப்பாட்டின் நடுவில் கலியம்மாள் பேரனின் மொட்டை போட்ட போட்டோவைச் செல்போனில் காட்டினாள். "ஐய, பாரேன்க்கா, எங்க மாமனார் மாதிரியே மூக்கு!" அமிர்தம் முகத்தைப் போன் பக்கம் கொடுத்து, கண்ணை மட்டும் எதிர்ப் பெஞ்சில் வைத்திருந்தாள். செல்வகுமார் தன் காலித் தட்டை மெல்லத் தங்கராசு பக்கம் நகர்த்தினான். தங்கராசுவின் நிறைந்த தட்டு அவன் பக்கம் போனது. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஷிப்ட் மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார்கள். தங்கராசு வெங்காயப் பச்சடியை மட்டும் விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இப்பல்லாம் பிரியாணி துன்ன அன்னிக்கு ராத்திரி சோறே வாணாம்க்கா," என்றாள் கலியம்மாள் கை கழுவுகிற இடத்தில். "விடிய விடிய ஏப்பம் வுட்டுக்கினே கெடக்கறாரு. வயசாவுது போல."

வயசு இல்லை, இரண்டு தட்டுப் பிரியாணி என்று அமிர்தம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அத்தனை ஆசையாகத் தின்கிற மனுஷன் பெண்டாட்டி எதிரில் சாப்பிடாமல் சாப்பிட்டதாக நடிக்கிறார் என்றால், அவர் வயிறு எங்கே நிறைகிறது?

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மீன் குழம்பு வைத்த நாட்களில் அவருக்கு வயிறு சரியில்லாமல் போகிறது, ரசம் கேட்கிறார். கேரியரில் கருவாடு வைத்து அனுப்பினால் டப்பா வழித்துத் துடைத்து வருகிறது, ஆனால் மூச்சில் வாசனை இல்லை. வார ஆஃப் அன்று வடலூரில் யூனியன் மீட்டிங் என்று காலையில் கிளம்புகிறார். பொழுது சாய வந்து, "அங்கியே சாப்ட்டேன்," என்கிறார். எந்த யூனியன் அவருக்கு வாராவாரம் சோறு போடுகிறது?

காய்கறிக் கடை சோமசுந்தரம் தெரியாமல் ஒரு வார்த்தை விட்டார். "இன்னாம்மா, பூசணிக்கா எப்படி இருந்துச்சி? அண்ணன் முழுக் காயா வேணும்னு அடம் புடிச்சி வாங்கினு போனாரே."

அமிர்தத்தின் வீட்டுக்குப் பூசணிக்காய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சிங்க," என்று சொல்லிவிட்டு, தக்காளி வாங்க மறந்து திரும்பினாள்.

முழுப் பூசணிக்காய். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு யாரும் முழுக் காய் வாங்குவதில்லை. அப்படியென்றால் அங்கே பிள்ளைகளும் இருக்குமோ? கறி மீன் தொடாத வீடு. சுத்தமாகச் சமைக்கிறவள். இவர் வாயையே மாற்றிவிட்டாளே! அவள் முகம்கூட அமிர்தத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒல்லியாக, நெற்றியில் விபூதி, கூந்தலை நுனியில் முடிந்தவள்.

கலியம்மாள் வீட்டு வாசலில் வைத்து, வாராவாரம் வடலூர் போகிறார் என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வாராவாரமா? அங்க எவளாச்சும் சோறு போடறாளா பாரு! உன் ஆளு சோத்துக்குன்னா எங்கியும் போவும்க்கா." சிரிப்பு முடிந்ததும் செல்வகுமார் உள்ளேயிருந்து, "ஏய், வாய மூடு," என்று அதட்டியது அமிர்தத்துக்குச் சரியாகப் படவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. அடுத்த தெருவில் ஒருத்தியின் புருஷன் இப்படித்தான் இன்னொரு குடும்பம் வைத்திருந்தான். விஷயம் வெளியே வந்ததும் அவள் இரண்டு பையோடு தாய் வீட்டுக்குப் போனாள். அமிர்தத்துக்குப் போக அதுவும் இல்லை. அவள் பிறந்த வீடு இருந்த இடம் இன்றைக்குச் சுரங்கத்தின் பள்ளத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. இந்த வாடகை வீடும் இந்த மனுஷனும்தான் அவளுக்கு எல்லாம்.

அடுத்த ஆஃப் நாள் தங்கராசு கிளம்பியதும் அவளும் பூட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தனியாக பஸ் ஏறி எத்தனையோ நாளாகியிருந்தது. கண்டக்டர், "எங்கம்மா?" என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வடலூர் என்றாள்.

இறங்கி, ஒவ்வொரு தெருவாக அவருடைய பைக்கைத் தேடினாள். பின் மட்கார்டில் பச்சைப் பெயின்ட் வழிந்த பைக், ஒளிக்க முடியாது. வீட்டு வாசல்களையெல்லாம் பார்த்தாள். கூந்தலை நுனியில் முடிந்த ஒரு பெண் கோலப்பொடி டப்பாவோடு நின்றதைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்த வீட்டு வாசலில் சைக்கிள்தான் இருந்தது.

கடைசியில் பைக் கிடைத்தது. வள்ளலாரின் தருமசாலைக்கு வெளியே, ஒரு மரத்தடியில் மற்ற வண்டிகளோடு நின்றது. இங்கே நிறுத்திவிட்டு அந்த இன்னொருத்தி வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார், கெட்டிக்காரர் என்று நினைத்தாள். காத்திருந்தாள். வெயில் ஏறியது. காலையில் ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் உறைத்தது. பசிக்கிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற இடம். யாரும் யாரென்று கேட்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மீண்டும் காவல் இருக்கலாம் என்று உள்ளே போய்ப் பந்தியில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

சோறு வந்தது. சாம்பார் வாளியோடு ஒருவர் குனிந்துகொண்டே வந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் துண்டு. யார் முகத்தையும் பார்க்கவில்லை, இலையை மட்டும் பார்த்து ஊற்றினார். அமிர்தத்தின் இலைக்கு வந்ததும் கரண்டி சாய்ந்தது. சோற்றின் மேல் பெரிய பெரிய துண்டுகளாகப் பூசணிக்காய் விழுந்தது.

"போதுமாம்மா?"

அந்தக் குரலை அவள் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"பூசணிக்கா இன்னும் ரெண்டு போடுங்க," என்றாள் அமிர்தம்.

கரண்டி வாளிக்குள் விழுந்தது.

பந்தி முடிந்து மரத்தடியில் இரண்டு பேரும் பைக்கை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தங்கராசு தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நாளு நெஜமாவே மீட்டிங்குதான் வந்தேன். பசிச்சிது. உள்ள வந்து குந்தனேன். துன்னுட்டு சும்மா போவ மனசில்லாம ஒரு வாளிய தூக்கனேன். அடுத்த வாரமும் வந்தேன். அப்பறம் கறி எறங்கல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அமிர்தத்துக்கு இது போதவில்லை. இத்தனை பெரிய மறைப்புக்குக் காரணம் இவ்வளவு சின்னதாக இருக்குமா? "எங்கிட்ட சொன்னா நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

"பாயி எனக்குன்னு எடுத்து வச்சத வாணாம்னு எப்படி சொல்றது? பாவம், வருத்தப்படுவாரு. அதுவும் இல்லாம..." அவர் ஹாண்டில்பாரைத் துண்டால் துடைத்தார். "சொன்னா நீ கடைக்கே வரமாட்ட. நீங்க துன்னாத எடத்துல எனக்கு இன்னா வேலன்னு வூட்லியே ரசத்த வச்சிடுவ. மாசத்துல ஒரு நாளு அங்க வந்துதான் நீ சிரிக்கற."

"நான் சிரிச்சத நீங்க பாத்தீங்களா?"

"நீ மட்டுந்தான் பாப்பியா?"

அமிர்தம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனாலும் வண்டியில் ஏறுமுன், "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று உள்ளே போனாள். பரிமாறிய பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. ஒருத்தி மட்டும் கொஞ்சம் வயது குறைவு. அவளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

சம்பள ஞாயிறு வந்தது. போவதா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அமிர்தம் காலையிலேயே பச்சைப்பட்டை புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

கடையில் வழக்கம்போல் சுவரோரப் பெஞ்சில் ஆண்கள், எதிரே பெண்கள். பாய் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோற்றின் உச்சியில் நல்லி நிமிர்ந்து நின்றது. "அண்ணே, இன்னிக்கி வந்தது நல்ல ஆடு. உள்ள வெண்ணெ மாதிரி இருக்குது பாருங்க." தங்கராசு செல்வகுமாரைப் பார்த்தார். செல்வகுமார் பெருமூச்சு விட்டு, வேட்டியை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொண்டான்.

அக்கம்பக்கத்து மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள். அமிர்தம் கையை நீட்டினாள்.

"பாய், அத இங்க வையிங்க. அவரு கறிய வுட்டுட்டாரு."

கலியம்மாள் வாயிலிருந்த சோறு வாயிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அமிர்தம் அந்தக் கடையில் இவ்வளவு சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"வுட்டுட்டாரா? எப்பலருந்து?" என்றார் பாய்.

"அது ஆச்சி ரொம்ப நாளு," என்றார் தங்கராசு, சுவரைப் பார்த்து.

"அப்ப நான் மாசாமாசம் எடுத்து வச்ச நல்லி?"

மேஜையிலிருந்த எல்லாக் கண்களும் செல்வகுமார் மேல் விழுந்தன.

"என்ன ஏன் பாக்கறீங்க? அண்ணன் காப்பாத்துடான்னாரு, காப்பாத்தனேன். அண்ணி, நீ நல்லா இருக்கணும். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா நான் ஆஸ்பத்திரிதான்."

"அட மனுஷா!" என்று கலியம்மாள் புருஷன் தோளில் ஒன்று வைத்தாள். "நான் ஒனக்கு வாயுன்னு பூண்டு வறுத்துக் குடுத்துக்கினு இருக்கேன்!"

பாய்க்கு வருத்தம் வேறாக இருந்தது. "அண்ணே, நீங்க வுட்டது ஒங்க இஷ்டம். அது பெரிய விஷயந்தான். ஆனா போயும் போயும் இவரு கையிலயா குடுக்கறது? இவருக்கு உறிஞ்சவே தெரியாதே!" பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எதிர்க்கடையில ஒரு எலுமிச்ச சாதம் வாங்கினு வாப்பா. புது வாழையிலையில வைக்கச் சொல்லு. என் கடையில குந்திக்கினு ஒருத்தர் வெறும் வயித்தோட எழுந்து போவக் கூடாது."

எலுமிச்சைச் சாதம் வந்தது. தங்கராசு ஒளிவு மறைவில்லாமல், தலை நிமிர்ந்து சாப்பிட்டார்.

நல்லி அமிர்தத்தின் தட்டில் இருந்தது. அவள் இதுவரை நல்லி தின்றதில்லை. அது எப்போதும் அவருடையது. கறியை உரித்துத் தின்றாள். தட்டின் விளிம்பில் எலும்பைத் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. எதிரே தங்கராசு தன் உள்ளங்கையை மெல்லக் கவிழ்த்துக் காட்டினார். அவளும் எலும்பை அப்படியே கவிழ்த்தாள். இன்னும் இரண்டு தடவை தட்டினாள். வாயில் வைத்து இழுத்தாள். சூடாக, கொழகொழவென்று மொத்தமும் வந்துவிட்டது. கலியம்மாள் கை தட்டினாள்.

அமிர்தம் எலும்பைத் தட்டோரம் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

தங்கராசு அவளைப் பார்க்கவில்லை. அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு அவசரமாக எலுமிச்சைச் சாதத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அமிர்தம் அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள். அடுத்த மாதமும் இதே பெஞ்சில், இதே இடத்தில்தான் உட்காரப் போகிறார்கள்.