சுவருக்கு அந்தப்பக்கத்து ஸ்பீக்கர்

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பழைய ஸ்டீரியோவை இன்று போட்டதும் எழுந்த சூடான தூசி வாடை, கோப்பெங் பக்கத்தில், இப்போது செம்பனை எண்ணெய் மரங்கள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, அந்த ஒட்டு வீட்டு வரிசைக்கு, என்னைக் கொண்டுபோனது. கூரையைத் தொடாத பலகைச் சுவருக்கு இந்தப்பக்கம் எங்கள் வீட்டில் இடது ஸ்பீக்கர், அந்தப்பக்கம் ராசம்மா அத்தை வீட்டில் வலது ஸ்பீக்கர். மாலையில் கரண்டு வந்ததும், ரப்பர் பால் வாடை போகக் குளித்துவிட்டு, இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டைக் கேட்டபடி சோறு பொங்குவார்கள்.

பிறகு வலது பக்கம் மட்டும் விட்டுவிட்டுப் பாடத் தொடங்கியது.

"ஏண்ணே, எங்க பாட்ட மட்டும் அடைக்கிறீங்களா?" என்று சுவருக்கு மேலே அத்தையின் குரல் வரும்.

"நான் தொடவே இல்ல லா!" என்று அப்பா எழுந்துபோய் ஸ்டீரியோவில் வலது ஸ்பீக்கர் சுவிட்சை அமுக்குவார், உடனே அது பாடிவிடும். அவர்தான் அடைத்து நிறுத்தினார் என்பதற்கு அத்தைக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

ஒருநாள் அத்தை ஸ்பீக்கரைச் சுவருக்கு மேலே திருப்பிக் கொடுத்தார். "உங்க பாட்ட நீங்களே வச்சிக்குங்க."

தோட்டம் விலைபோய் எல்லாரும் சிதறும்வரை இருவரும் பேசவில்லை. இப்போது இருவருமே இல்லை.

இன்று அந்தச் சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே ஒரு தகட்டில் கறுப்பாக அழுக்கு. துடைத்ததும் இரண்டு பக்கமும் பாடின.

அந்தப்பக்கம் அத்தை இருப்பதுபோல, வலது ஸ்பீக்கரை என் வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஈப்போ, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு.