அவர் பேச்ச நீங்க பேசுங்க

கைசர் ஜஹான் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி "ம்ம்ம்..." என்று இழுத்தால் பஞ்சாயத்து ஆரம்பம் என்று அர்த்தம். திருவண்ணாமலை மரக்கடை ஹபீப் முகம்மதுவின் மூத்த மகள். நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்ததிலிருந்து எண்பத்தாறாம் வருஷம் ஓய்வு பெறும்வரை பிரம்பைத் தொட்டதில்லை. அடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், "உன் நியாயத்தச் சொல்லாத. அவன் நியாயத்த நீ சொல்லு" என்பார். எதிராளி "ஆமா டீச்சர், அதேதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். பாதிச் சண்டை அதிலேயே சிரிப்பாகிவிடும்.

எழுபத்தெட்டில் ஒருநாள், தண்ணீர்ப் பானையை உடைத்த ஆறாம் வகுப்பு சகாதேவனை ராமகிருஷ்ணன் சார் பிரேயரில் வைத்துக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் பையனின் அப்பா மண்ணாங்கட்டி, குதிரைவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"டி.சி.யக் குடும்மா. வண்டி ஓட்டிப் பொழச்சிக்குவான்."

ஆறாவதோடு ஒரு பிள்ளையின் படிப்பு முடியப்போகிறது. டீச்சர் உடனே ராமகிருஷ்ணன் சாரை வரவழைத்தார். கண்ணாடி மேலே ஏறியது.

"ம்ம்ம்... மண்ணாங்கட்டி, சார் பேச்ச நீங்க பேசுங்க. சார், அவர் பேச்ச நீங்க பேசுங்க."

"நானா? நான் இன்னா சின்னப் புள்ளையா மேடம்?" என்றார் சார்.

மண்ணாங்கட்டி விறைப்பாக நின்று, இல்லாத பேனாவைச் சட்டைப்பையில் செருகி, தொண்டையைச் செருமினார். "அறுபது வானரம்! ஒருத்தன விட்டா அத்தினி பேரும் தலமேல ஏறிக்குவானுங்க. கத்திக் கத்தித் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு!"

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான்யா."

பிறகு சார் ஆரம்பித்தார். "எம் பையன அடிச்சிட்டாங்க. கோவம்."

"இல்ல" என்றார் மண்ணாங்கட்டி.

"அவனுக்கு வலிச்சிருக்கும்."

"அதுவும் இல்ல சார். அடி எங்கூட்லயும்தான் ஜாஸ்தி."

சார் தரையைப் பார்த்தார். குரல் தணிந்தது. "எல்லாரும் பாக்க அடிச்சிட்டாங்க. அவன் தங்கச்சியும் பாத்துச்சு. எம் புள்ள இனிமே எந்த மூஞ்சியோட உள்ள வருவான்?"

மண்ணாங்கட்டியின் தலை, ஆமாம் என்று ஆடியது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தப் பிரேயரில் அவரும்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் பையனக் கூட்டிட்டு வாங்க."

"அப்ப பானை?" என்றார் சார்.

"அது தனிக் கேசு. தாகத்தோட நின்ன ஒண்ணாங்கிளாஸ் புள்ள பேச்ச அவன் பேசணும்."

மறுநாள் பிரேயரில் முதலில் வாய் திறந்தவர் டீச்சர்தான். சகாதேவன் வாசலில், அப்பா பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி, வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "சகாதேவா, சார் உன்ன அடிச்சப்ப நான் தடுக்கல. தப்பு என்னுது." ராமகிருஷ்ணன் சாரும் முன்னால் வந்தார். "நானும் அடிச்சிருக்கக் கூடாதுப்பா."

சகாதேவன் கடிவாளத்தை அப்பா கையில் திணித்துவிட்டுக் குதித்தான்.

"நீ கெளம்புப்பா. மொத பீரியடே சாரோட கணக்கு. லேட்டானா கத்துவாரு."