தேய்ந்துபோன மைனஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். விழுப்புரத்தில் ஒரு பிரஸ், திண்டிவனத்தில் ஒரு பிரஸ், நாலு ஆஃப்செட் மெஷின், சொந்தக் கட்டடம் — எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. லோன் கேட்டுப் போனபோது வாசலோடு திருப்பி அனுப்பிய பேங்க்குக்கே பிறகு காலண்டர் அடித்துக் கொடுத்தேன்! இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஆடும் ஐடி கார்டுகளில் பாதி என் கடையில் பிறந்தவை.

பீற்றிக்கொள்கிறேன் என்கிறீர்களா? ஆமாம். அதை விட்டால் இந்த வாரம் என்னிடம் இருப்பது பயம் மட்டும்தான்.

போன வாரம் ஒரு காலை. திண்டிவனம் கடையில் டீயும் கையுமாக இருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். கூட்டேரிப்பட்டில் ஸ்கூட்டர் மீது வேன் மோதிவிட்டது... பத்தாம் வகுப்புப் பெண், விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவசரமாக O பாசிட்டிவ் ரத்தம் வேண்டும். அவள் அப்பாவின் நம்பர். கூடவே அவளுடைய ஐடி கார்டு போட்டோ.

கார்டு என்னுடையது! எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். ‘நம்ம பிரஸ்ல அடிச்ச கார்டு’ என்று ஒரு வரி வேறு சேர்த்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஐந்து நிமிடம் இருக்கும். கடையில் டிசைன் செய்யும் செல்வி — குயிலாப்பாளையத்துப் பெண் — வெளிறிப்போய் வந்து நின்றாள்.

“ஐயா, அந்தப் பொண்ணு O நெகட்டிவுங்க. ஃபைலைத் தொறந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“கார்டுல வெறும் O தானே இருக்குது?”

“மைனஸ் இருந்துச்சிங்க, தேஞ்சி போச்சி. வெறும் O இருந்தா எல்லாரும் பாசிட்டிவ்னுதானே நெனைப்பாங்க?”

டீயை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். 

ஆங்கில எழுத்தின் முனைகளில் சின்னதாகப் பாதம் வைத்திருக்குமே, அதற்குப் பெயர் செரிஃப். அந்தப் பாதம் கொஞ்சம் கனத்திருந்தால் புத்தகத்துக்கு அருமை. கண் வரியை விட்டு நழுவாது. இந்தக் கார்டுகளுக்கு நான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தது அதிலேயே ராஜ ஜாதி. நெடுங்கோடு தடிமன், குறுக்குக்கோடு தலைமுடி மெல்லிசு. நல்ல காகிதத்தில், கல்யாணப் பத்திரிகையில் பாருங்கள்... நகை போட்டுக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக் கார்டில், பொடி சைசில்?

கார்டு டிசைன் செய்த அன்றைக்கே செல்வி சொன்னாள். “ஐயா, இதுல மைனஸ் நூலாட்டம் இருக்குது. பட்டன்ல ஒரசிக்கினே இருந்தா போயிடும். பாதம் இல்லாத தடி எழுத்து போட்டுக்கலாங்க.”

“ஈய எழுத்து கோத்து வெரல் தேஞ்சவம்மா நானு. எனக்கே எழுத்து சொல்லித் தர்றியா?” என்றேன். கடையே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவளும் சிரித்தாள்.

அந்த அப்பாவின் நம்பர் பிஸி. திரும்பத் திரும்ப பிஸி. “திருத்தி எல்லாருக்கும் அனுப்பு, ஜல்தி!” என்று செல்வியிடம் கத்திவிட்டுக் காரில் ஏறினேன். வழியெல்லாம் பள்ளி வேன்கள். எத்தனை கழுத்தில் எத்தனை மைனஸ் தேய்ந்துகொண்டிருக்கிறதோ? 

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்தம் கொடுக்க வந்த கூட்டம். லேப் அம்மா ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“கார்டைப் பாத்து ரத்தத்தை மாத்தி ஏத்திட்டீங்களா?” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டேன்.

“கார்டைப் பாத்து யாராவது ஏத்துவாங்களா பெரியவரே? டெஸ்ட் பண்ணி, இருந்த ஒரு யூனிட் நெகட்டிவையும் ஏத்தியாச்சு. இன்னும் வேணும். வர்றவங்க பூரா பாசிட்டிவ். ஒரே பேஜாரு! எவனோ அனுப்பின மெசேஜு நிக்கவே மாட்டேங்குது.”

அந்த எவனோ நான்தான்.

பெண்ணின் அப்பா பிரம்மதேசத்துக்காரர். மல்லாட்டை — வேர்க்கடலை — போடும் விவசாயி. நான் பிரஸ்காரன் என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க அனுப்பிதான் இவ்ளோ ஜனம் வந்துச்சாமுங்க. எம்பொண்ணு பொழச்சிக்கும்ல?”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்.

செல்வி அனுப்பிய இரண்டாவது மெசேஜைப் பார்த்துவிட்டு ஒரு லாரி டிரைவர் வந்தார். O நெகட்டிவ். அவர் உள்ளே போன பிறகுதான் எனக்கு மூச்சு திரும்பியது. பெண் பிழைத்துவிட்டாள். காலில் கட்டு.

பழைய கார்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். புதிய கார்டில் ‘நெகட்டிவ்’ என்று முழு வார்த்தை, பாதமில்லாத கறுத்த எழுத்து. ஆனாலும் போன் அடித்தால் எடுக்கத் துணிவில்லை. எந்தப் பள்ளியோ, எந்தப் பிள்ளையோ...

நேற்று அடித்தது அந்தப் பெண் படிக்கும் பள்ளியின் தாளாளர். “விசாரிச்சி ரிப்போர்ட் எழுதிட்டேங்க. டிசைன் பண்ண பொண்ணோட கவனக்குறைவுன்னு போட்டுட்டேன். ஒங்க பேரு எங்கயும் வராது, கவலப்படாதீங்க.”

மரியாதை செய்கிறாராம்!

தாளாளர் ஐயா, அந்த வரியை அடியுங்கள். வேண்டாம் என்று சொன்னது அவள். போடு என்றது நான். என் பெயரை அங்கே எழுதுங்கள் — இனிஷியலோடு.