இஞ்சி பீரும் ருசி போன நாக்கும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, என்னைக் கேட்காமலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீட்டில் தயாரித்த பானங்களுக்குப் போட்டி வைத்திருந்தார்கள்.

"கிறிஸ்மஸுக்கு வருசா வருசம் எங்களுக்கெல்லாம் இஞ்சி பீர் குடுக்குறீங்கள்ல? அதையே கொண்டுட்டுப் போங்க" என்று போனில் சொன்னாள். போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

இஞ்சி பீரில் பீர் என்பது பெயரில்தான் இருக்கிறது. துருவிய இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு, தினமும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்தால், தோசை மாவு பொங்குவதுபோல நுரைத்து எழும். தயிருக்கு உறை மாதிரி இதற்கு அதுதான் உறை. இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அதைக் கலந்து, காலி பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் அடைத்து வைத்தால் தானாகவே காஸ் ஏறும். சரியான பதத்தில் எடுத்துக் குடித்தால் நல்ல குளிர்பானம். விட்டுவிட்டால் இனிப்பு குறைந்து போதை ஏறத் தொடங்கும். போதை இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். நான் டீச்சர் வேறு.

என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் இருக்கிறார். இஞ்சி பீரை அவர் ஒரு வாய்கூடக் குடித்தது கிடையாது. அவருடைய அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். எங்கள் வரதராஜன்பேட்டையில் கல்யாணம், திருவிழா என்று எங்கே போனாலும், குடிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் இவர் போக மாட்டார். நான் ஜாடியை அடுப்படியில் வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அதைச் சுற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. குளிரில் உறை எழும்பவில்லை. ஜாடிக்குப் பழைய சால்வையைச் சுற்றி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைத்தேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். இஞ்சி அடியில் செத்துக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட மனசு ஜாடியிலேயே இருந்தது. அதட்டினால் பிள்ளைகள் வேகமாக எழுதுவார்கள். ஜாடியை என்ன செய்ய முடியும்?

ஒருநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம். மேலே சின்னச் சின்னக் குமிழ்கள். அன்றைக்கே கொதிக்கவைத்து, ஆற்றி, கலந்து, பாட்டில்களில் அடைத்துவிட்டேன். சாயங்காலமே காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

காய்ச்சல் விட்டு எழுந்து காபி போட்டேன். அதில் காபி வாசனையே இல்லை. தூள் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். இஞ்சியை நசுக்கி மூக்கருகே வைத்தேன், ஒன்றும் வரவில்லை. கடித்துப் பார்த்தால் தொண்டை எரிந்ததே தவிர, அது இஞ்சிதான் என்று நாக்குக்குத் தெரியவில்லை. சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டேன், மணலை மென்ற மாதிரி இருந்தது. ஜெயங்கொண்டத்தில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தானா வரும்மா. எப்ப வரும்னு சொல்ல முடியாது. இதுக்குன்னு மருந்து இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து பாட்டில்களின் முன்னால் உட்கார்ந்தேன். நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் யாரும் அவற்றைத் தொடவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தன. திறந்தேன். நுரை பொங்கியது. ஒரு வாய் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது, சுருக்கென்று இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இனிப்பா, புளிப்பா, பதம் கடந்துவிட்டதா? சொந்தக் கையால் செய்ததை வேறு யாரோ செய்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"புளிப்பு ஏறியிருக்கா?"

"லேசா. ஆனா நல்லா இருக்கு."

"போன வருசத்துக்கு இப்ப எப்படிங்க?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க செஞ்சா நல்லா இல்லாம போவுமா?"

உண்மையைச் சொல்லக்கூடிய நாக்கு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் என் கணவர் கண்டுபிடித்துவிடுவார். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்தபோது, டம்ளரோடு போய் நின்றேன்.

"என்னங்க, ஒரு வாய் மட்டும். முழுங்க வேணாம், துப்பிடுங்க."

"என்னைய இதுல இழுக்காத."

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. யாரைத்தான் நான் கேக்கறது?"

"ஊர்ல எத்தனையோ பேரு இருக்காங்க."

"அவங்க யாரும் உள்ளத சொல்ல மாட்டேங்குறாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். "செத்தாலும் வாயில வைக்க மாட்டேன்னு அப்பா பொணத்துக்கிட்ட நின்னு சொன்னவன் நான். நீயே கேட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். எனக்கு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். போட்டிக்காக அழுகிறேனா, நாக்குக்காக அழுகிறேனா என்று எனக்கே புரியவில்லை.

சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால், அவர் அந்த டம்ளரைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"எங்கப்பா பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அப்படியே வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதம் கடந்துவிட்டது என்று அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி முதலிலிருந்து செய்ய நாள் இல்லை. கொட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். பிறகு, புதிதாக இஞ்சியும் சர்க்கரையும் போட்டு ஒரு பாத்திரம் கொதிக்கவைத்து ஆற்றினேன். வேறொரு பாத்திரத்தில் பழையதைக் கொஞ்சமாக ஊற்றி, புதியதை நிறையச் சேர்த்தேன். எவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியாது. அவரே உள்ளே வந்தார். நான் கேட்கவில்லை. குனிந்து முகர்ந்தார்.

"இன்னும் ஊத்து."

ஊற்றினேன். மறுபடி முகர்ந்தார்.

"இப்ப அந்த வாடை இல்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ராத்திரியே பாட்டிலில் அடைத்துவைத்ததை எடுத்துக்கொண்டு, மறுநாள் ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறிப் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் பாட்டிலை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றே இருந்தது. காஸ் ஏறவே இல்லை. போகிற வழியில் சிமென்ட் லாரிகள் எங்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டு ஊர்ந்தன. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையும், போகாமலே இருந்துவிட்டால் தேவலை என்ற எண்ணமும் மாறி மாறி வந்தன.

மண்டபத்தில் நன்னாரி, நெல்லிக்காய், பனங்கற்கண்டுப் பால் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் பானத்தைப் பற்றிக் கைவீசிப் பேசினார்கள். நடுவர் என் முன்னால் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இதோட ருசிய நீங்களே சொல்லுங்களேன்" என்று சிரித்தபடி கேட்டார். எல்லோரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார். "இஞ்சி நல்லா இருக்கும்மா. ஆனா பீர்னு பேரு வெச்சிருக்கீங்க, பானகம் மாதிரில்ல இருக்கு" என்றார். பரிசு நெல்லிக்காய்க்குப் போனது.

திரும்பி வரும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என் கணவர் நின்றிருந்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டார்.

"சாப்ட்டியா?"

"குடுத்தாங்க. சாப்ட்டேன்."

"என்ன குடுத்தாங்க?"

யோசித்துப் பார்த்தேன். இலையில் ஏதோ சாதம் இருந்தது, மஞ்சளாக. லெமன் சாதமா, சாம்பார் சாதமா என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஜெயங்கொண்டம் பஸ் புறப்பட்டுவிட்டதைப் பார்த்து, இருவரும் ஓடிப்போய் ஏறினோம்.