மாதம்மாள் காகிதம் இருந்த ஹார்ட் டிஸ்க்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் எடுக்கவும் ஆன்லைனில் மனுப் போடவும் இருக்கிற கடை கோகிலவாணியுடையது. திருவண்ணாமலையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். அந்த ஆறு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் அதை ஒரு ஸ்கேன் எடுத்து, ஊர்ப்பெயர் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். "ஒங்க வூட்ல இருந்தா எலி தின்னுடும், இங்க இருந்தா தின்னாது" என்பாள். பெருமை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் எத்தனையோ பேருக்கு அந்தப் பெருமை சோறு போட்டிருக்கிறது.

ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள், ஒரு புதன்கிழமை, அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது. கடையைத் திறந்து ஸ்விட்சைப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

செங்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளவழகனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து தருகிற வைத்தியன்.

"விண்டோஸ புதுசா ஏத்திடுங்கக்கா. பென்டிரைவ் இருக்குதில்ல?"

இருந்தது. சொருகினாள். விண்டோஸ் படம் வந்தது, புள்ளி சுற்றியது, அதோடு நின்றது. வேறு பென்டிரைவில் போட்டுப் பார்த்தாள், அதே கதை. உள்ளே இருக்கிற ரேம் கார்டைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள், அப்போதும் அதே கதைதான். வாசலில் வருமானச் சான்றுக்கு வந்த நாலு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு சரியில்ல" என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் இளவழகன் உருப்படியாக ஒன்று சொன்னான். "ஹார்ட் டிஸ்க் வயரக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்கக்கா." கழற்றிவிட்டுப் போட்டாள். அரை நிமிஷத்தில் விண்டோஸ், 'எதில் ஏற்றட்டும்?' என்று கேட்டு வந்து நின்றது. ஏற்றத்தான் உள்ளே டிஸ்க் இல்லை. டிஸ்கை மாட்டினால் முடங்கியது, கழற்றினால் ஓடியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

"டிஸ்க் போச்சுக்கா. சாயங்கால பஸ்ல புதுசு குடுத்து வுடறேன். பழச தூக்கிப் போடுங்க" என்றான் இளவழகன்.

தூக்கிப் போடவா? ஒன்பது வருடக் காகிதமும் அதில்தான் இருந்தது. இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பாள், அதோடு சரி.

அந்த நேரம் பார்த்து மாதம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது, தனிக்கட்டை. சாமை அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு எட்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள்.

"கோகிலா, அந்தக் கைநாட்டுக் காயிதத்த எடுத்துக் குடு. வெள்ளிக்கெழம பட்டா விசாரணையாம்."

எந்தக் காகிதம் என்று கோகிலவாணிக்கு நன்றாகத் தெரியும். மலைச் சரிவில் இருக்கிற நிலத்தை மாதம்மாள் குடும்பம் மூன்று தலைமுறையாக உழுகிறது என்று ஊரில் மூன்று பெரியவர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்தது. போன கோடையில் கூரை எரிந்தபோது காகிதமும் சாம்பலானது. கைநாட்டு வைத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மாதம்மாள் அழுதுகொண்டு வந்த அன்றைக்கு, "எங்கிட்ட பத்தரமா இருக்குதுக்கா" என்று சொன்னவள் இதே கோகிலவாணிதான்.

இப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

"இன்னிக்கு மெசின்ல வேல நடக்குதுக்கா. நாளைக்கு வாங்க."

மாதம்மாள் சரி என்று எழுந்து, வந்த வழியே நடந்தாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கக் கோகிலவாணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டிஸ்கைக் கழற்றி வெளியே எடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வயர் மாட்டுகிற பொந்தில், பல் பல்லாக இருக்கிற பித்தளைக் கம்பிகளுக்கு நடுவே, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். சந்தனம்! நடுவில் குங்குமச் சிவப்பு வேறு.

ஊரில் எல்லாரும் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரின் வெளியே பொட்டு வைப்பார்கள். இவளுக்கு அது போதவில்லை. வேலை செய்வதெல்லாம் உள்ளே இருக்கும்போது டப்பாவுக்கு மட்டும் பொட்டு வைப்பது சாமியை ஏமாற்றுகிற மாதிரி என்று, மூடியைத் திறந்து தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். டிஸ்குக்கு மட்டும் பெரிய பொட்டு. ஊர்ச் சொத்து அதில்தானே இருக்கிறது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் நீர்த்துப்போய்ப் பொந்துக்குள் வழிந்திருக்கிறது. அதன் மேலேயே வயரை அழுத்தி மாட்டியிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். பிள்ளைக்குக் காது குடைகிறவள் கூட அவ்வளவு பதமாகக் குடைய மாட்டாள். நன்றாகக் காயவிட்டு, வேறு வயர் போட்டு மாட்டினாள். இந்த முறை விண்டோஸ் முடங்கவில்லை. டிஸ்கின் பெயர் திரையில் வந்து நின்றது.

"வந்துடுச்சா? அப்ப ஃபார்மேட் குடுத்து, எல்லாத்தையும் அழிச்சுட்டு ஏத்திடுங்கக்கா" என்றான் போனில் இளவழகன்.

"யோவ், உள்ள ஊரே இருக்குது!" என்று கத்திவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினாள். டிஸ்க் தெரிகிறது என்றால் பழைய விண்டோஸே வரலாமே. மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். மெதுவாக, இழுத்து இழுத்து, அது வந்தது. முதல் வேலையாக மாதம்மாளின் காகிதத்தைத் திறந்தாள். மூன்று கைநாட்டும் இருந்தன. வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வந்த புது டிஸ்குக்கு எல்லாவற்றையும் நகல் எடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையிலேயே மாதம்மாள் வந்துவிட்டாள். கோகிலவாணி காகிதத்தை அச்சடித்து அவள் கையில் கொடுத்தாள். நல்லபடியாகத்தான் முடிந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. சந்தனத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மாதம்மாள் கேட்டுக்கொண்டே கைநாட்டுகளை விரலால் தடவினாள். சந்தனத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"நானும்தான் ராவெல்லாம் பயந்துனு கெடந்தேன். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம் இல்ல?"

மாதம்மாள் காகிதத்தை அவளிடமே நீட்டினாள்.

"இத்த இன்னொரு ஜெராக்ஸ் எடு. அது ஒங்கிட்டயே இருக்கட்டும். போச்சுன்னா போச்சுன்னு சொல்லு. நாளைக்கு வான்னு மட்டும் சொல்லாத."

கோகிலவாணி இன்னொன்று எடுத்தாள்.